கோட்டை வலம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கியம் பேசும் புலவர் பெருமக்கள் பலர் ஏறிய மேடை இது. நாங்களோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே காலந்தள்ளும் எழுத்தர்கள். ‘காலை ஓட்டத்தைப் பற்றிச் சிறிது பேசுங்கள்’ என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, ஓடிவிடலாமா என்றே எங்களுக்குத் தோன்றியது. எனினும், நாங்கள் நால்வராகச் சேர்ந்து கண்டதையும் கற்றதையும் நால்வர் சார்பில் சொல்லுவது கடமை எனத் துணிந்து இங்கே நிற்கிறோம். குற்றங் குறை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் பிரிவில் தலைமை எழுத்தராக ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இருபது வயதில் கிடர்பூருக்கு வந்தவர். எல்லார்க்கும் அவர் அண்ணாச்சி. அவர் மனைவியார் எங்களுக்கு மதனி. நண்பகலில் தூக்குச்சட்டியைத் திறந்தபடி அவர் அடிக்கடி சொல்வார்: ‘திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். நம் வீட்டுக்கு அருகில் இவ்வளவு பெரிய கோட்டை இருக்கிறது. ஒருநாள் எல்லாருமாய்க் கோட்டை வலம் வருவோமே, தம்பி!’ நாங்கள் சிரிப்போம். ‘அடுத்த ஞாயிறு, அண்ணாச்சி’ என்போம். அந்த அடுத்த ஞாயிறு பதினோர் ஆண்டுகளாக வரவேயில்லை.

2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒருநாள், அலுவலகப் படிக்கட்டில் இரண்டாம் மாடி ஏறுகையில் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், பிறகு எழவில்லை. வயது ஐம்பத்திரண்டு. அவர்க்குச் சர்க்கரை நோய் இருந்தது. மருந்தும் இருந்தது. நடை ஒன்றுதான் இல்லை. ஆதிகங்கைக் கரையிலுள்ள கேவ்ராதலா மயானத்தில் அவரை எரியூட்டிவிட்டுத் திரும்பும்போது, எங்களுள் எவரும் எவரோடும் பேசவில்லை. கூப்பிட்டவர் போய்விட்டார், போகாதவர்கள் நாங்கள். அந்த வெட்கமே எங்களை ஓட வைத்தது என்று இன்று ஒளிக்காமல் சொல்கிறோம்.

அன்பர்களே! இஃது ஒருவர் வீட்டுத் துயரம் மட்டும் அன்று. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து நாடெங்கும் ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர்க்கு நீரிழிவு உண்டு என்பது அவர்கள் கணக்கு. வயது வந்தோர் நூற்றுவரில் பதினொருவர்க்கு மேல்! நம் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகளை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்குச் சரி என்பது விளங்கும். நாற்காலியில் எட்டு மணி நேரம், பேருந்தில் ஒரு மணி நேரம், வீட்டில் தொலைக்காட்சியின் முன் இரண்டு மணி நேரம் என்று அமர்ந்தே வாழ்கிறோம். நம் பாட்டன்மார் வயலில் நடந்த நடையை நாம் மறந்தோம். அவர்கள் உண்ட சோற்றின் அளவை மட்டும் மறக்கவில்லை!

2020ஆம் ஆண்டு சனவரியில், இருள் பிரியாத ஒரு காலையில், நாங்கள் நால்வரும் கிடர்பூர்ச் சந்திப்பில் கூடினோம். கழுத்தில் மப்ளர், காலில் அலுவலகச் செருப்பு. ஆதிகங்கைப் பாலத்தைக் கடந்ததும் ஓடத் தொடங்கினோம். இரண்டு விளக்குக் கம்பங்களைத் தாண்டுமுன் நால்வர்க்கும் மூச்சு நின்றுவிட்டது. எதிரே வந்த முதிய வங்காளி ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார். ‘ஆஸ்தே, ஆஸ்தே’ என்றார். மெல்ல, மெல்ல என்பது பொருள். ‘பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? முடிந்தால் அதுவே உங்கள் வேகம். முடியாவிட்டால் நடங்கள்’ என்றார். நாங்கள் கற்ற ஓட்டக் கலை முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கும்.

பின்னாளில் அறிந்தோம், இது பெரியதொரு நெறி என்று. நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர், நடுத்தர வயதினர்க்கு மெல்லோட்டம் பழக்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்குச் சென்று கண்ட அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், தம் நாட்டில் அதனைப் பரப்பினார். சுவிட்சர்லாந்தில் 1968ஆம் ஆண்டு முதல் காடுகளினூடே ஓட்டப் பாதைகள் அமைத்து, இடையிடையே உடற்பயிற்சிக்கான நிறுத்தங்களையும் வைத்தனர். அந்நாட்டார் காட்டையும் குளத்தையும் பழைய அரண்மனையையும் சுற்றி ஓடுகின்றனராம். ஐயகோ, நமக்கு அப்படி இல்லையே என்று நீங்கள் எண்ணலாம். அப்படி எண்ணுவது தவறு. நம் கிடர்பூரைச் சுற்றி அம்மூன்றும் உண்டு. அவற்றுள் மூன்று பாதைகளை மட்டும் இங்கே விளக்குவோம்.

முதலாவது, அண்ணாச்சி சொன்ன கோட்டை வலம்.

கிடர்பூரிலிருந்து பாலத்தைக் கடந்து ஹேஸ்டிங்ஸ் அடைந்தால், தலைக்கு மேல் வித்யாசாகர் பாலத்தின் வளைவுகள் தெரியும். 1992ஆம் ஆண்டு திறந்த பாலம் அது. 823 மீட்டர் நீளம். கம்பி வடங்களால் தாங்கப்படுவது. அதன் கீழே ஆற்றங்கரையில் பிரின்சேப் மண்டபம் வெண்தூண்களோடு நிற்கிறது. ஜேம்ஸ் பிரின்சேப் கல்கத்தா நாணயச் சாலையில் பணி புரிந்தவர். எவராலும் படிக்க இயலாதிருந்த அசோகரின் பிராமி எழுத்தை 1837ஆம் ஆண்டில் படித்துக் காட்டியவர் அவரே. அந்தக் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் என்று நம் நாட்டார் பெயர்கள் இருக்கின்றன. இம்மண்டபத்தின் வழியே பல்லாண்டுகள் பேருந்தில் கடந்தோம். தமிழ் மன்னர் பெயரை உலகறியச் செய்த ஒருவரின் நினைவிடம் அது என்பதை, ஓடி நின்று மூச்சு வாங்கிய பிறகுதான் அறிந்தோம்.

அங்கிருந்து ஆற்றோரமாக வடக்கே சென்றால் இடப்புறம் ஊக்ளி ஆறு. வலப்புறம் வில்லியம் கோட்டை. 1756ஆம் ஆண்டு நவாபு சிராஜ் உத்தௌலா பழைய கோட்டையைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு பிளாசிப் போர். அதன்பின் 1758ஆம் ஆண்டில் கிளைவு புதிய கோட்டைக்கு அடியிட்டார். 1781ஆம் ஆண்டு வாக்கில் முடிந்தது. கோவிந்தபூர் என்னும் ஊரையே அகற்றி அவ்விடத்தில் கட்டினர். வருகின்ற பகைவனைப் பீரங்கியால் சுடுவதற்கு வெளி வேண்டும் என்று சுற்றிலும் இருந்த காட்டை வெட்டித் திடலாக்கினர். அந்தத் திடலே இன்றைய மைதானம். சுடுவதற்காக வைத்த வெளி, இன்று நாம் மூச்சு விடுவதற்கு உதவுகிறது! எண்கோண வடிவான இக்கோட்டையின் அகழி பெரும்பாலும் வறண்டே கிடக்கும். வேலூர்க் கோட்டை அகழியின் நீர்ப்பெருக்கை நினைத்துச் சென்றவர்க்குச் சிறிது ஏமாற்றந்தான். இது நம் படையின் கிழக்கு மண்டலத் தலைமையகம். 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போர் இங்கிருந்தே நடத்தப்பட்டது. அண்மையில் இதற்கு விஜய துர்க்கம் என்று பெயர் மாற்றியுள்ளனர். உள்ளே செல்ல நமக்கு உரிமை இல்லை. வாயிலருகே நிற்பதும் படம் எடுப்பதும் வேண்டா. வெளியே வலம் வருவதே நம் பங்கு.

பாபு காட் வரை சென்று வலப்புறம் திரும்பினால் ரெட் ரோடு. இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்கள் இறங்கிய சாலை அது. குடியரசு நாளில் அணிவகுப்பும், ஈகைத் திருநாளில் பெருந்தொழுகையும் அங்கு நடைபெறும். அந்நாள்களில் அப்பக்கம் ஓட எண்ணாதீர்கள். மற்ற நாள்களில் புல்வெளியோரமாகத் தெற்கே வந்தால் விக்டோரியா நினைவு மண்டபம் தோன்றும். 1906ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டி 1921ஆம் ஆண்டு திறந்தனர். கல் முழுவதும் இராசத்தானத்து மக்ரானாவிலிருந்து வந்த சலவைக்கல். அதன் தோட்டத்துக் குளங்களில் அந்த வெண்ணிறம் நிழலாடுவதைக் காலையில் காண வேண்டும். பிறகு குதிரைப் பந்தயத் திடலின் ஓரமாக ஹேஸ்டிங்ஸ் வந்து வீடு சேரலாம். மொத்தம் ஒன்பது பத்துக் கிலோமீட்டர் இருக்கும். முதல் மாதத்தில் இதனை நினைக்கவும் வேண்டா; பிரின்சேப் மண்டபம் வரை சென்று திரும்பினால் போதும்.

இரண்டாவது, அலிப்பூர் மரநிழற் பாதை. வெயில் ஏறிவிட்ட நாளில் இதுவே நன்று. விலங்குக் காட்சிச்சாலையும், தோட்டக்கலைச் சங்கத்தின் பூந்தோட்டமும், தேசிய நூலகமும் அடுத்தடுத்து உள்ளன. நூலகம் இருக்கும் பெல்வெடியர் மாளிகை ஒருகாலத்தில் வங்காளத் துணைநிலை ஆளுநரின் உறைவிடம். 1780ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், வாரன் ஹேஸ்டிங்ஸும் பிலிப் பிரான்சிசும் கைத்துப்பாக்கி ஏந்தி ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது இதன் அருகில்தான். பிரான்சிசு காயம்பட்டார். ஒரே அலுவலகத்தில் மேலதிகாரிகள் இருவர்க்கு ஒத்துவராவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு எழுத்தர்களாகிய எங்களுக்கு இதனினும் நல்ல சான்று கிடைக்கவில்லை!

அந்த நூலகத்தில் தமிழ்ப் பிரிவு ஒன்று உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் சேர்த்த நூல்கள் அங்கே தனித் தொகுப்பாகப் போற்றப்படுகின்றன. சிறிது தொலைவில், 2022ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கும் பழைய அலிப்பூர்ச் சிறை. அரவிந்தர் 1908ஆம் ஆண்டு முதல் ஓராண்டு அலிப்பூரில்தான் சிறையிருந்தார். விடுதலையான பிறகு 1910இல் நம் புதுச்சேரிக்கு வந்து பாரதியாரோடு பழகினார். இவ்வாறு, ஓடும் கால்களுக்குக் கீழேயே நம் கதையும் கிடக்கிறது.

மூன்றாவது, நீர்நிலைப் பாதை. ஞாயிறு ஒருநாள் குடும்பத்தோடு செல்வதற்கு உரியது. தெற்கே இரவீந்திர சரோவர்; 1920களில் நகர மேம்பாட்டார் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஆக்கிய ஏரி. தாக்குரியா ஏரி என்னும் பெயர் 1958இல் மாறிற்று. நீர்ப்பரப்பு மட்டும் ஏறத்தாழ 73 ஏக்கர். கரையெல்லாம் மரம், மரமெல்லாம் பறவை. ஓடி முடித்ததும் லேக் மார்க்கெட்டில் நம்மூர் இட்டிலியும் காப்பியும் கிடைக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓடி இழந்ததை அங்கேயே திரும்பப் பெற்றுவிடாமல் இருப்பது அவரவர் பொறுப்பு!

ஆற்றுக்கு அப்பால் சிவபூரில், 1787ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கைடு தொடங்கிய தாவரவியல் தோட்டம், 109 ஹெக்டேர் பரப்பில் உள்ளது. காடும் குளமும் கலந்த இடம். அங்குள்ள பேராலமரம் இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தது. புயலாலும் காளான் நோயாலும் கெட்ட அதன் அடிமரத்தை 1925ஆம் ஆண்டிலேயே வெட்டி அகற்றிவிட்டனர். ஆயினும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட விழுதுகளால் அது காடுபோல் நிற்கிறது. அதன் நிழலில் நின்றபோது எங்களுள் ஒருவர், ‘நாமும் இப்படித்தானே! அடிமரம் இருந்த ஊரில் நமக்கென்று வீடில்லை. விழுதுகள் இங்கே ஊன்றிவிட்டன’ என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை.

இனிச் சில எச்சரிக்கைகள். நாற்பது வயதைக் கடந்தவர் மருத்துவரைக் கண்ட பிறகே ஓடத் தொடங்குக. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ கொள்வோர், சட்டைப் பையில் இரண்டு இனிப்பு மிட்டாய் வைத்திருங்கள். தலை சுற்றிக் கை நடுங்கினால் நின்று உண்ணுங்கள். நெஞ்சு இறுகினால் வீரம் காட்ட வேண்டா, அண்ணாச்சியை நினையுங்கள். மார்கழி, தை மாதங்களில் புகையும் பனியும் சேர்ந்து தரையில் படிந்திருக்கும் நாள்களில், வெயில் வந்த பிறகு நடப்பதே மேல். சாலையில் ஓடுவதாயின் வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நில்லுங்கள். காலுக்கு நல்ல காலணி ஒன்று வாங்குங்கள். வேறெந்தச் செலவும் இதற்கு இல்லை. வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்த நடை, அல்லது 75 நிமிடம் ஓட்டம் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்குக் கணக்கிட்டால், ஒரு தொடர் நாடகம் பார்க்கும் நேரங்கூட இல்லை.

தாய்மார்களே! இவையெல்லாம் ஆடவர்க்குச் சொன்னவை என்று கருதி நீங்கள் கைப்பையை எடுக்க வேண்டா. நாங்கள் தொடங்கிய சில மாதங்களில் கொள்ளைநோய் ஊரடங்கு வந்தது. 2020 மே 20ஆம் நாள் ஆம்பன் புயல் வந்து மைதானத்து மரங்களைச் சாய்த்தது. 1902ஆம் ஆண்டு இந்நகரிலேயே முதன்முதலாக மின் டிராம் ஓடிய எஸ்பிளனேடு–கிடர்பூர்த் தடம் அந்தப் புயலோடு நின்றுபோனது. இன்றுவரை அத்தடத்தில் வண்டி இல்லை. எங்கள் ஓட்டமும் அதனோடு நின்றிருக்கும். நிற்காமல் காத்தவர் மதனியே. அண்ணாச்சி இருந்த அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் அவர்க்கு வேலை கிடைத்தது. ஊரடங்கு தளர்ந்ததும் ஒருநாள் எங்களிடம் வந்தார். ‘அவர் சொன்ன வலத்தை நீங்கள் நால்வரும் வருகிறீர்களாமே. எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்றார். அவர் முகத்தை நேரே பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஏன் அவரோடு முன்பே போகவில்லை என்று அவர் கேட்கவுமில்லை.

மறுநாள் புடைவையைச் சற்று ஏற்றிச் செருகிக்கொண்டு, மகளின் பழைய கான்வாஸ் காலணியோடு வந்தார். முதலில் தெருவில் சிலர் பேசினர். பிறகு பேசியவர்களின் வீட்டுப் பெண்களும் உடன் வந்தனர். இன்று ஞாயிறுதோறும் இருபது பேர்க்குக் குறையாமல் கூடுகிறோம். அவர்களுள் பெரும்பாலோர் பெண்மணிகள். அண்ணாச்சியின் மகள், டிசம்பர் மாதத்தில் ரெட் ரோட்டில் நடக்கும் ஓட்ட விழாவில் பத்துக் கிலோமீட்டர் ஓடி முடித்தாள். நாங்கள் ஓரத்தில் நின்று கைதட்டினோம். அவள் எங்களைக் கடக்கையில் எங்கள் கண்கள் தெளிவாக இல்லை. அன்று காலைப் பனி மிகுதி என்று சொல்லிக்கொண்டோம்.

இறுதியாக ஒன்று. இந்த வெளி என்றென்றும் தானாகவே இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. புத்தகத் திருவிழா மைதானத்தில் நடந்துவந்தது. தூசும் குப்பையும் மிகுந்து புல்வெளி கெடுகிறது என்ற வழக்கில், 2007ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் தடுத்தமையால் அது வேறிடம் சென்றது. புத்தகத்தை விரும்பும் நமக்கு அது வருத்தமே. ஆனால் புல் பிழைத்தது. இன்று மைதானத்தின் அடியில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. மரங்களை வெட்டுவதா, பெயர்த்து நடுவதா என்று வழக்குகள் நடந்தன. ரயில் வேண்டா என்று ரயில்வேயின் சோற்றை உண்ணும் நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு மரம் விழுந்தால் அதன் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் நாலு பேராவது ஊரில் இருக்க வேண்டும். அவ்வழியே நாள்தோறும் கால்களால் சென்றவர்க்கே அது தெரியும். வாழைப்பழத் தோலையும் தண்ணீர்க் குப்பியையும் அங்கே எறியாமல் வருவது, அந்த நாலு பேரில் ஒருவராவதற்கு முதற்படி.

பெரியோர்களே! மூன்று தலைமுறையாக இந்நகரில் வாழ்கிறோம். துறைமுகம், அலுவலகம், சந்தை, மருத்துவமனை ஆகிய நான்கு வழிகளே நமக்குத் தெரிந்திருந்தன. ‘நம்மூர்’ என்றால் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளதென்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தோம். அது நம்மூரே, ஐயமில்லை. ஆயினும் கால் பதித்து, வியர்வை சிந்தி, ஒரு வட்டம் சுற்றி வந்த மண்ணும் நம்மூர்தான் என்பதை இந்தச் சில ஆண்டுகளில் உணர்ந்தோம்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ஆதிகங்கைப் பாலத்தருகே தேநீர்க் கடை முன் காத்திருப்போம். நடப்பவர் நடக்கலாம், ஓடுபவர் ஓடலாம், வேடிக்கை பார்ப்பவர் வேடிக்கை பார்க்கலாம். உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்: ‘அடுத்த ஞாயிறு பார்க்கலாம்’ என்று மட்டும் எங்களிடம் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லின் விலை எங்களுக்குத் தெரியும்.